பின் சீட்டு மடங்கும் கார்

என் தங்கையின் கணவரைப் பொலிஸுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

இதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் கஷ்டங்களையெல்லாம் சொல்லி, உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்த பிறகு சொன்னால் குறைவாக வெறுப்பீர்கள் என்று ஒரு நப்பாசை. பிறகு அந்தத் தந்திரமே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதனால் முதல் வரியிலேயே வைத்துவிட்டேன்.

அவர் குற்றமற்றவர். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் செய்தேன். எதற்காக? அவருடைய காரில் பின் இருக்கை மடங்கியது. என்னுடைய காரில் மடங்கவில்லை... இவ்வளவு சிறிய காரணமா என்று கேட்பீர்கள். நானும் பல வருடங்களாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் பெருமாள். கேகாலையிலிருந்து அரநாயக்கப் பக்கம் ஏறும் மலையில் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் பிறந்து வளர்ந்த இடம் என்ற பொருளில்தான். ஒரு பிடி மண்கூட எங்கள் பெயரில் இல்லை. அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரங்களில் பால் வெட்டியே காலத்தைக் கழித்தார்கள். நான் அந்த மரங்களுக்கடியில் போகமாட்டேன் என்று பிடிவாதமாக டவுனுக்கு ஓடி, ஒரு கராஜில் வேலை பழகினேன். கடைசியில் ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கித் தோட்டத்துக்கே திரும்பி வந்து ஹயர் ஓடத் தொடங்கினேன். வாடகைக்குக் கார் ஓட்டுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

ஹயர்க்காரனுக்குப் பாதித் தொழில் காத்திருப்பது. ஆஸ்பத்திரி வாசலிலும் கல்யாண மண்டப வாசலிலும் காத்துக் கிடந்த நேரமெல்லாம் கையில் கிடைத்ததை வாசித்தேன். இப்படி எழுத வருவது அதனால்தான். படித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பல வருடங்களாக அந்த மலையில் என் கார் ஒன்றுதான். பிரசவம் என்றாலும் பெண் பார்க்கப் போவதென்றாலும் "பெருமாள் அண்ணன வரச் சொல்லு" என்பார்கள். பந்தியில் எனக்கென்று இடம் பிடித்து வைப்பார்கள். லயம் என்ற எங்கள் வரிசை வீடுகளின் பாதையில் நான் நடந்து போனால், ஏதாவது ஒரு காம்பரா அறைக்குள்ளிருந்து யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அந்த மரியாதை எனக்குச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

என் ஒரே தங்கை லெட்சுமி. அவளை மகாலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். நல்ல மனிதர், உழைப்பாளி என்று நான்தான் அப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு அவர் சவுதிக்கு ஓட்டுநர் வேலைக்குப் போனார். போய்வந்தவர்கள் பலர் கொண்டுவந்ததைக் குடித்தே தீர்த்தார்கள். அவர் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலில் வந்த வேகன் கார். நீளமான உடம்பு, பின்னால் மேலே தூக்கித் திறக்கும் கதவு.

அதை அவர் தோட்டத்துக்கு ஓட்டி வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. லயத்துக்கு முன்னால் பாதித் தோட்டமும் கூடிவிட்டது. எல்லோரும் பார்க்கட்டும் என்று அவர் பின்கதவைத் தூக்கினார். இருக்கையில் ஒரு கறுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்தார். அடி மெத்தை முன்பக்கம் எழுந்து நின்றது. மேலே ஒரு கொக்கியை விடுவித்தார். முதுகுச் சாய்மானம் அப்படியே முன்னால் சாய்ந்து தரையோடு தரையாகப் படிந்தது. ஒரு நொடியில் காருக்குள் ஒரு அறை உண்டாகிவிட்டது.

கூட்டத்திலிருந்து எழுந்த அந்த வியப்பொலி... என் காரைப் பார்த்து யாரும் அப்படி ஒரு சத்தம் எழுப்பியதில்லை.

"அண்ணே, நீங்க ஏறிப் படுத்துப் பாருங்க" என்றாள் லெட்சுமி. முகமெல்லாம் பூரிப்பு.

"நான் எதுக்குப் படுக்கணும்? எனக்கென்ன காய்ச்சலா?"

"சும்மா பாருங்கண்ணே. காலை நல்லா நீட்டிப் படுக்கலாம்."

"ஏறுங்க மச்சான்" என்று மகாலிங்கம் என் கையைப் பிடித்தார். "மொதல்ல நீங்கதான் ஏறணும்னு நெனச்சிருந்தேன்."

ஏறிப் படுத்தேன். என் கால்கள் முழுதாக நீண்டன. எங்கும் இடிக்கவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் முகங்கள் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தன. நானும் சிரித்தேன். இது ஏன் என் காரில் இல்லை என்று நினைத்தது அப்போதுதான். அது பொறாமை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு அந்தக் கார் எதைத்தான் ஏற்றவில்லை? சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்த பண்டார முதலாளியின் ரப்பர் ஷீட்டுகளை ஏற்றியது. முதலாளிக்கு அரை ஏக்கரோ என்னவோ ரப்பர் இருந்தது. வாரம் ஒருமுறை மகாலிங்கம்தான் ஷீட்டுகளைக் கேகாலைக்குக் கொண்டுபோவார். அப்படியே இருவரும் நெருங்கிய நண்பர்களாகிவிட்டார்கள். கல்யாணப் பெண்ணின் அலுமாரியும் கட்டிலும் அதில்தான் போயின. வயிற்றில் ஒப்பரேஷன் செய்த பெண் அதில் படுத்தபடியே வீடு வந்து சேர்ந்தாள்.

பிறகு ஒரு சாவு.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்துவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. பெரிய வண்டிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் காரின் பின் இருக்கை அகலம் குறைந்தது. யாரையும் நீட்டிப் படுக்க வைக்க முடியாது. இறந்தவரை நடுவில் உட்கார வைத்து, இருபுறமும் உறவினர் இருவர் தோளால் அணைத்துக்கொண்டு வருவார்கள். வளைவுகளில் தலை சாயும். யாராவது பிடித்துக்கொள்வார்கள். நான் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டுவேன். எத்தனையோ பேரை அப்படிச் சேர்த்திருக்கிறேன்.

அந்தச் சமயம் பால்வெட்டுக்காரர் ஒருவர் இறந்தபோது மகாலிங்கத்தின் காரில் பாய் விரித்து, மனிதரை நேராகப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். இறக்கி வைத்த பிறகு அந்த விதவை அழுகையை நிறுத்திவிட்டு மகாலிங்கத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புருசன மனுசனாக் கொண்டாந்து சேத்துட்டீங்க தம்பி."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அப்படியானால் நான் கொண்டுவந்து சேர்த்தவர்கள் எல்லாம்? அவர்கள் மனிதர்களாக வந்து சேரவில்லையா? யாரும் என்னைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதையே நினைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

நான் செய்த ஒரு கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். என் காரின் பின் இருக்கையையும் மடங்கும்படி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கராஜில் பழகியவன்தானே? வீட்டுக்குப் பின்னால் காரை நிறுத்தி, இரும்பு வாளால் சட்டத்தை அறுத்தேன். கீல் வைத்தேன். சாய்மானம் மடங்கியது; ஆனால் பிறகு நிமிர்ந்து நிற்கவில்லை. முதுகு சாய்த்தவர்கள் எல்லோரும் பின்னால் விழுந்தார்கள். பழைய பயணிகளும் முகம் சுளித்தார்கள்.

கேள்விப்பட்டு மகாலிங்கம் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காருக்கடியில் படுத்து, அன்று முழுவதும் என்னோடு போராடி இருக்கையைப் பழையபடி நிறுத்திக் கொடுத்தார்.

"இது அப்படிச் செஞ்ச கார் இல்ல மச்சான்" என்றார், கையைத் துடைத்தபடி. "விட்டுருங்க. ஆள் ஏத்துற ஹயரெல்லாம் நீங்க எடுத்துக்கங்க. நான் சாமான மட்டும் ஏத்துறேன். யாரு வந்து கேட்டாலும் ஒங்ககிட்டயே அனுப்புறேன்."

அவர் சொன்னபடியே செய்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தேடி வந்தவர்கள் இப்போது அவர் அனுப்பி வைத்தவர்களாக வந்தார்கள். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா? அவரைத் திட்டுவதற்கு எனக்கு ஒரே ஒரு காரணம் தந்திருக்கக் கூடாதா?

அந்த வருடம் அம்மன் திருவிழா வந்தது.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் பாதுகாப்பு இல்லை என்று, உற்சவ அம்மன் சிலையை டவுனில் பூட்டி வைத்திருப்போம். திருவிழாவுக்கு முதல் நாள் அதை மலைக்குக் கொண்டுவருவது என் கார்தான். பின் இருக்கையில் என் மனைவி பார்வதி குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்து, அம்மனை மடியில் வைத்துக்கொள்வாள். வந்து சேரும்போது அவள் கால்கள் மரத்துப் போயிருக்கும். சந்தியிலிருந்தே மேளம் தொடங்கிவிடும். என் காருக்கு மாலை போடுவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்...

கோயில் தலைவர் கருப்பையா கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "இந்த வருசம் லிங்கத்தோட கார்ல சீட்ட மடக்கி, வெள்ளை விரிச்சு, அம்மாவ நிக்க வச்சே கொண்டாந்துரலாம். பாவம், பார்வதியும் எத்தன வருசமாக் கால் வலியோட வருது."

எல்லோரும் தலையாட்டினார்கள். பார்வதியும்தான்.

மறுநாள் மகாலிங்கம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மச்சான், நான் அவங்ககிட்ட கேக்கல. அவங்களாச் சொன்னது. நீங்களே முன் சீட்டுல ஒக்காந்து வாங்க. ஒங்க கையாலயே அம்மாவ எறக்குங்க."

"எனக்கு அன்னைக்கு வேற ஹயர் இருக்கு" என்றேன். அப்படி ஒரு ஹயர் இல்லை.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நாட்களில் கொழும்பில் ஒரு குண்டு வெடித்தால் எங்கள் மலையில் கதவுகள் தட்டப்படும். தோட்டத்துத் தமிழருக்கும் வடக்கில் நடக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்ப் பெயர் இருந்தால் போதும். அந்த வாரமும் ஏதோ வெடித்திருந்தது. டவுனுக்குப் போகும் வழியில் புதிதாக ஒரு செக்பாயின்ட் போட்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்த மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, முற்பகலில், சந்தியில் பண்டார முதலாளியின் கடையில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி ஊரில் இல்லை. அவருடைய மனைவி பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு எதிரே செக்பாயின்டில் வேலை பார்க்கும் கான்ஸ்டபிள் ஒருவர். கான்ஸ்டபிள்களை நாங்கள் ராலஹாமி என்றுதான் அழைப்போம். முகப் பழக்கம் உண்டு. சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம், எனக்கு அது தமிழ் மாதிரியே வரும்.

"அந்த வெள்ளைக் கார் யாருடையது?" என்று கேட்டார். "எப்போதும் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறதே."

"என் தங்கை புருஷனுடையது, ராலஹாமி."

"அப்படியா" என்று அவர் கோப்பையை எடுத்தார். பேச்சு அங்கே முடிந்துவிட்டது. அதை நீங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் தொடர்ந்தேன்.

"அதில் பின் சீட்டு மடங்கும். மடக்கினால் அடியில் வெற்றிடம் இருக்கிறது. மேலே பலகைபோல மூடிக்கொள்ளும். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே தெரியாது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வெளிநாட்டில் இருந்தவனா?"

"ஆமாம். அங்கே ஒரு யாழ்ப்பாணத்துக்காரனோடு ஒரே அறையில் இருந்தானாம். இன்னும் பழக்கம் இருக்கிறது."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருக்கைக்கு அடியில் வெற்றிடம் இருந்தது. லெட்சுமி அதில் குழந்தையின் பால்புட்டியை வைப்பாள். யாழ்ப்பாணத்து நண்பரும் இருந்தார்; மகாலிங்கம் சவுதியில் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மனிதர். அந்தப் பால்புட்டியையும் கஞ்சியையும் நான் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

என்ன நடக்கும் என்று நினைத்தேன்? நிறுத்திச் சோதிப்பார்கள், கொஞ்சம் அலைக்கழிப்பார்கள், திருவிழா நேரத்தில் கார் கிடைக்காமல் போகும்... அதற்குமேல் நினைக்கவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாருக்குத்தான் அதற்குமேல் தெரியாது?

திருவிழாவுக்கு முதல் நாள் மகாலிங்கம் குளித்து, திருநீறு பூசி, பின் இருக்கையை மடக்கி வெள்ளை வேட்டி விரித்து, அம்மனை எடுத்துவரப் புறப்பட்டார். கருப்பையாவும் கூடப் போனார். மதியத்துக்குள் கருப்பையா மட்டும் நடந்து திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"செக்பாயின்ட்ல நிப்பாட்டினாங்க. மத்த வண்டியெல்லாம் உட்டுட்டாங்க. இவர மட்டும் எறங்கச் சொல்லி, நேராப் பின்பக்கம் போயி சீட்டக் கிழிச்சாங்க. ஒண்ணும் இல்ல. ஆனாலும் புடிச்சுட்டுப் போயிட்டாங்க."

நேராகப் பின்பக்கம் போனார்கள்...

லெட்சுமி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். பிள்ளைகள் இருவரும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

"அண்ணே, ஒங்களுக்குத்தான் சிங்களம் நல்லா வரும். நீங்க வந்து பேசுங்கண்ணே. நீங்க பேசினா உட்டுருவாங்க."

அவளை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் அவளையும் பிள்ளைகளையும் உட்கார வைத்துவிட்டு உள்ளே சென்றேன். அதே ராலஹாமி இருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வாசலிலிருந்து லெட்சுமி அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்ததை நான் பார்த்தேன்.

"அவன் நல்லவன், ராலஹாமி" என்றேன். "எந்த வம்புக்கும் போகாதவன்."

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "அன்றைக்கு நீ அப்படிச் சொல்லவில்லையே?"

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு நாளும் போய் நிற்கிறேன். அப்போது அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. 'பொறாமையில் சொன்னேன், ராலஹாமி. அவன் கார் என் காரைவிட நல்லது. என் பிழைப்பும் மரியாதையும் போய்விட்டது, அந்த எரிச்சலில் உளறிவிட்டேன்' என்று சொல்லியிருந்தால்? என்னை ஒரு அறை அறைந்து அவரை விட்டிருப்பார்களா? ஒருவேளை விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நான் சொல்லிப் பார்க்கவில்லை. வாசலில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சிங்களம் ஓரளவு விளங்கும். அவள் காதில் விழுந்துவிடும் என்று பயந்தேன்.

"மேலிடத்துக்கு அனுப்பிவிட்டோம். இனி எங்கள் கையில் இல்லை" என்றார் அவர்.

வெளியே வந்து லெட்சுமியிடம் அதையே சொன்னேன். அவள் அழுதுகொண்டே என் தோளில் சாய்ந்தாள்.

அன்று மாலை கருப்பையா என்னிடம் வந்தார். அம்மன் இன்னும் டவுனில் இருந்தாள். போகாமல் இருக்க முடியுமா? பார்வதி குளித்துவிட்டு வந்து ஏறினாள். அம்மனை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சந்தியில் மேளம் தொடங்கியது. மெதுவாகத்தான் அடித்தார்கள்; ஆனாலும் அடித்தார்கள். என் காருக்கு மாலை போட்டார்கள்.

நான் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்லாவிட்டால் மற்றதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. என் தங்கையின் கணவர் எங்கோ ஒரு சிமெந்துத் தரையில் கிடந்த அந்த மாலையில், மாலை போட்ட காரில் உட்கார்ந்து நான் சந்தோஷப்பட்டேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் அவரை அடைத்து வைத்திருந்தார்கள். முதலில் எங்கே என்றே தெரியவில்லை. பிறகு கொழும்புப் பக்கம் ஒரு சிறையில் இருப்பதாகத் தெரிந்தது. பார்க்க அனுமதி கிடைத்த நாட்களில் எல்லாம் லெட்சுமியை நான்தான் கூட்டிப்போனேன். விடியுமுன் புறப்படுவோம். அவள் சோறு கட்டிக்கொள்வாள்: அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தனக்குக் கட்டமாட்டாள்.

"நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வேன்னே தெரியலண்ணே" என்பாள் பின் இருக்கையிலிருந்து.

ஊரில் என் பேர் உயர்ந்தது. மச்சானுக்காக அலையும் மனிதன் என்றார்கள். ஹயர் எல்லாம் என்னிடமே திரும்பி வந்தது. எதை இழந்தேன் என்று புழுங்கினேனோ, அதெல்லாம் வட்டியோடு வந்து சேர்ந்தது. அந்தச் சோற்றுப் பொதியை நான் ஒருமுறைகூட மிச்சம் வைத்ததில்லை. எப்படி இறங்கியது என்று இப்போது யோசிக்கிறேன்.

ஒரு நாள் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். என் காரில்தான் அவரை அழைத்து வந்தேன். வலது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை. என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியும் மச்சான்."

கார் சற்று இழுத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"சந்திக் கடையில இருந்து வந்த தகவல்னு விசாரிக்கும்போது ஒருத்தன் வாய்விட்டுட்டான். பண்டாரதான். வாராவாரம் என் கார்ல ஷீட்டு ஏத்தினவன். அந்த சீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு அவனுக்குத்தான் தெரியும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

பொலிஸ் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்த அவருடைய காரைச் சில மாதங்கள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கிழிந்த இருக்கை, துருப்பிடித்த கதவு. கியரைப் பிடிக்க அவர் கை உதவவில்லை. ஒரு மாலை சாவியை என் கையில் வைத்தார்.

"நீங்களே ஓட்டுங்க மச்சான். எனக்காக நீங்க அலைஞ்சதுக்கு நான் என்ன கொடுத்தாலும் தகாது."

மறுத்தேன். லெட்சுமி கெஞ்சினாள். வருகிற வருமானத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுப்பது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பட்டியை இழுத்ததும் இருக்கை மடங்கியது. எவ்வளவு ஆசைப்பட்டேன் அதற்கு... முதல் ஹயருக்கு அந்தக் கிழிசலைப் பார்க்காமல் மடக்கினேன். இரண்டாவது ஹயருக்குப் பார்த்தே மடக்கினேன்.

மகாலிங்கம் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ஷீட் அடுக்கும் வேலைக்குப் போனார். சந்திக் கடையை மிதிக்கவில்லை. பண்டார முதலாளி முதலில் புரியாமல் நின்றார். பிறகு எங்கள் பிள்ளைகளையும் அந்தக் கடைக்கு அனுப்பாமல் விட்டோம். அவர் சிங்களவர், நாங்கள் தமிழர், காலமும் அப்படி. அதனால் ஒதுங்குகிறார்கள் என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

போர் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன நாள், சந்தியில் பட்டாசு வெடித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அடுத்த நாள் பிற்பகல் நான் லெட்சுமி வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். பண்டார முதலாளி மலைப்பாதையில் ஏறி வந்தார். வயதாகிவிட்டது, மூச்சு வாங்கியது. கையில் ஒரு தட்டு, மேலே வாழையிலை மூடியிருந்தது.

"லிங்கம் இருக்கிறானா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

உள்ளே இருந்த மகாலிங்கத்துக்குக் குரல் கேட்டது. எழுந்து வந்தார். முதலாளியைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

முதலாளி தட்டைப் பிடித்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இனியாவது பழையபடி பேசலாமே என்று வந்தேன், பெருமாள். அவன் உள்ளே இருந்த காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரிடமும் போய் அவனுக்காகக் கையெழுத்துக் கேட்டேன். என் மனைவிகூடத் திட்டினாள். இவ்வளவுக்கும் நான் அவனுக்கு என்ன செய்தேன்? உனக்காவது தெரியுமா?"

கையெழுத்துக் கேட்ட கதை எனக்கு அதுவரை தெரியாது.

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

"தெரியாது, முதலாளி" என்றேன்.

தட்டைக் காரின் மேல் வைப்பதா, திரும்ப எடுத்துக்கொண்டு போவதா என்று அவர் தயங்கினார். கடைசியில் எடுத்துக்கொண்டே போனார். இறக்கத்தில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கினார்.

"போயிட்டானா?" என்று உள்ளிருந்து மகாலிங்கம் கேட்டார்.

"போயிட்டார்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுமில்ல."

லெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வழக்கம்போல முதல் கோப்பை எனக்கு.

நீங்கள் என்னைக் கேட்கலாம்: இப்போதாவது சொல்லிவிடுவதுதானே? உங்களிடம் சொல்ல முடிந்தது. அவர்களிடம் முடியவில்லை. சொன்னால் ஒரே நாளில் எனக்குத் தங்கை இல்லை. சொல்லாவிட்டால் அந்தக் கிழவர், தான் செய்யாத ஒன்றுக்கு விடை தேடியே சாவார். இரண்டையும் வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் காப்பாற்றும் பக்கமே சாய்கிறேன். அதனால் நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

இன்னொன்று. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. முன்பு மகாலிங்கத்தின் காரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவருடைய கோபத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். தவறான ஆள் மேல்தான் என்றாலும், அவரால் ஒருவரை முழு மனதோடு வெறுக்க முடிகிறது. முதலாளியையும் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். 'நான் என்ன செய்தேன்' என்று ஒரு மனிதன் முகத்தைப் பார்த்துக் கேட்க அவரால் முடிகிறது. என்னால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்க முடியும்?

நாளைக் காலை மகாலிங்கத்தைக் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மழைக் காலத்தில் அந்தக் கை அதிகமாக வலிக்கிறது. முன் இருக்கையில், என் பக்கத்தில்தான் உட்காருவார். சந்திக் கடையைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அந்தப் பக்கம் நான் இருக்கிறேன். என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பேன்.